மணமகள் அறையில் ஒரு மனுதாரர்

தமிழ்மணி பன்னிரண்டு வருடங்களாகச் சம்பளம் வாங்கியதில்லை. அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் சிலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பதால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துவாக்குடிப் பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் அவர் சூப்பர்வைசராக இருந்தார். ஆர்டர் குறைந்து பட்டறையை இழுத்து மூடியபோது மகள் நிஷா எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். மனைவி பானுப்ரியாவுக்கு ரயில்வே கணக்குப் பிரிவில் பதவி உயர்வு வந்திருந்த சமயம். அதே மாதம் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, இருவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"ஆள் வச்சா அப்பாவ ஒழுங்கா பாத்துக்க மாட்டாங்க. நீங்க வேலைக்குப் போக வேணாம், வீட்ல இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் பானு.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னது பணத்தை. மற்ற எல்லாவற்றையும் தமிழ்மணி பார்த்துக்கொண்டார். மாமனாரைக் குளிப்பாட்டுவது, உப்பில்லாமல் சமைத்து அதை உப்பிருப்பது போலப் பேச்சுக் கொடுத்து ஊட்டுவது, நிஷாவுக்கு இரட்டைப் பின்னல் போடுவது, பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அம்மாக்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது. இதையெல்லாம் அவர் நன்றாகச் செய்தார். செய்யச் செய்ய அவருக்குப் பிடித்தும் போனது.

மாமனார் போன பிறகுதான் வீட்டில் பேச விஷயம் இல்லாமல் போயிற்று. பானு அதற்குள் அதிகாரி ஆகியிருந்தாள். அலுவலகத்தில் யாரோ ஓய்வு பெற்ற விருந்துக்கு இருவரும் போனபோது, மேலதிகாரி ஒருவர் தமிழ்மணியின் கையைக் குலுக்கி, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பானு முந்திக்கொண்டு, "பிசினஸ் பண்றார்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த தமிழ்மணி கேட்டார். "என்ன பிசினஸ்?"

"வேற என்னங்க சொல்றது?"

அந்தக் கேள்வி ஒரு வருடம் வீட்டுக்குள் கிடந்தது. அதன்மேல் கால் வைக்காமல் நடக்க முடியவில்லை. கடைசியில் பானு விவாகரத்துக்கு மனுப் போட்டாள். தமிழ்மணி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு காட்டூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். நிஷா பிளஸ் ஒன் படிப்பதால் அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அம்மாவோடேயே விடப்பட்டாள். காட்டூரில் தம்பி மனைவி நல்ல பெண். முதல் மாதம், "வெந்நீர் போடவா மாமா?" என்று கேட்டாள். மூன்றாவது மாதம், "இன்னிக்கு எங்கயாவது வெளிய போறீங்களா மாமா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

பானுவிடம் அவர் போனில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். ஒரு ரூம் எடுத்துத் தங்குகிற அளவுக்கு ஏதாவது. "வக்கீல்கிட்ட பேசுங்க" என்று வைத்துவிட்டாள். அதனால் அவர் வக்கீல் அப்ராரிடம் பேசினார்.

அப்ரார் தம்பியோடு கல்லூரியில் படித்தவர், அந்தப் பழக்கத்தில் பீஸ் வாங்காமல் வழக்கை எடுத்திருந்தார். "சட்டத்துல இருக்கு சார். பொண்டாட்டி மட்டும் இல்ல, வருமானம் இல்லாத புருஷனும் கேஸ் முடியற வரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்" என்றார்.

"கிடைக்குமா?"

"கேட்கலாம்னுதான் சார் சொன்னேன்."

கேட்டார்கள். கோர்ட் அந்த மனுவைப் படித்துப் பார்த்து, விசாரித்து அறிக்கை தரும்படி இல்லற இணக்க மேம்பாட்டு மையத்துக்கு அனுப்பியது.

மையம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு இயங்கியது. சொந்தக் கட்டடம் வரும்வரை தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முகூர்த்த நாட்களில் மையம் விடுமுறை என்று வாசலில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆகவே பிரிய வருகிறவர்களும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வந்தார்கள்.

முதல் நாள் வாட்ச்மேன் அவரை நிறுத்தினார். "மனுதாரர்னா மணமகள் ரூம். எதிர்மனுதாரர்னா மணமகன் ரூம். நீங்க அந்தப் பக்கம் போங்க."

"நான் மனுதாரர்ங்க."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதிர்மனுதாரர் யாரு?"

"என் வீட்டம்மா."

விதி என்றால் விதி. தமிழ்மணி மணமகள் அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஃபேன் ஓடியது, தண்ணீர் கேன் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, கண்ணாடிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சரம் தொங்கியது. சற்று நேரத்தில் வந்த பானு மணமகன் அறைக்கு அனுப்பப்பட்டாள். அது பாத்திரம் போட்டுவைக்கும் அறையாகியிருந்தது. அங்கே ஏழெட்டுக் கணவர்கள் சுவரோரம் நின்றார்கள். அதிகாரிப் பெண்மணி ஒருத்தி உள்ளே வருவதைப் பார்த்து எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். அவள் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைத் தமிழ்மணி கதவு வழியாகப் பார்த்தார். இந்தப் புடவையோடு அங்கே உட்கார்ந்தால் கரி ஒட்டிக்கொள்ளுமே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

மணமகள் அறையில் பேச்சு நின்றுபோயிருந்தது. லால்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்தான் முதலில் கேட்டாள். "அண்ணே, நீங்களும் ஜீவனாம்சம் கேட்டுத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உள்ள போனா நல்லா அழுதுருங்கண்ணே. அழாட்டி எழுதிக்க மாட்டாங்க."

பதிவு செய்யும் இடத்தில் ஆஃப்ரின் என்ற பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். தமிழ்மணியின் விவரத்தைத் தட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "சார், மனுதாரர்னு போட்டா 'பெண்'ணுன்னு தானா வந்துடுது. மாத்த விட மாட்டேங்குது."

"அப்ப என்னம்மா செய்யறது?"

"சென்னைக்கு எழுதணும். அதுவரைக்கும் பெண்ணாவே இருங்க சார். ஒண்ணும் பிரச்சனை வராது."

அன்று மாலையே அவர் கைபேசிக்கு மையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. சகோதரி தமிழ்மணி, தைரியமாக இருங்கள், நீங்கள் தனியாக இல்லை. அந்த வருடத்தில் அவருக்கு யாராவது சொன்ன ஒரே ஆறுதல் அதுதான். அவர் அதை அழிக்கவில்லை.

அடுத்தது சரிபார்ப்புப் பிரிவு. அங்கே சகாயநாதன் என்ற அலுவலர் இருந்தார். யாரையும் ஏமாற்ற விடக் கூடாது என்பதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் இல்லாதவர்.

"வருமானம் இல்லைங்கறீங்க. அதுக்கு ஆதாரம்?"

"இல்லாததுக்கு எப்படிங்க ஆதாரம் காட்டறது?"

"இருக்கறதுக்கு முதலாளிகிட்ட சான்று வாங்குவாங்க இல்லையா? இல்லாததுக்கும் முதலாளிகிட்டதான் வாங்கணும். 'இவர் என்னிடம் வேலை செய்யவில்லை'ன்னு லெட்டர்பேடுல எழுதி, சீல் போட்டு."

"எந்த முதலாளிங்க?"

"உங்களுக்கு யார் வேலை தரலையோ அவரு."

தமிழ்மணி யோசித்துப் பார்த்தார். திருச்சியில் அவருக்கு வேலை தராதவர்கள் என்றால் ஜங்ஷனிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாரும்தான். கடைசியில் காட்டூரில் தம்பிக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடைக்காரரிடம் போய் நின்றார். அவர் தர்மசங்கடப்பட்டு, "வேலை வேணும்னா சொல்லுங்க, பாக்கலாம். இல்லைன்னு எழுதித் தர மனசு வரலையே" என்றார். வேலை தந்துவிட்டால் சான்று கிடைக்காது, சான்று கிடைக்காவிட்டால் மனு நிற்காது, மனுவை விட்டுவிட்டால் பன்னிரண்டு வருடமும் ஒன்றுமில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழ்மணி கெஞ்சி அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

சகாயநாதன் அதை இரண்டு முறை படித்தார். "இவர்கிட்ட வேலை கேட்டுப் போயிருக்கீங்க."

"ஆமாங்க."

"கேட்டிருக்கீங்கன்னா செய்ய முடியும்னுதானே அர்த்தம்?" என்றார். உழைக்கும் திறன் உள்ளவர் என்று குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பெல்லாம் இல்லை. கணக்கு சரியாக வந்த நிம்மதிதான் இருந்தது.

ஆலோசனை அமர்வு மேடையில் நடந்தது. மண்டபத்தில் ரிசப்ஷனுக்குப் போடும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்கள் இரண்டும் அங்கேயே கிடந்ததால் தம்பதிகள் அதில்தான் உட்கார வேண்டும். தமிழ்மணியும் பானுவும் உட்கார்ந்தார்கள். எதிரே ஆலோசகர் அல்போன்சாவும், மையத்தின் இயக்குநர் முனைவர் ஸ்ரீரங்கராஜனும். இயக்குநருக்கு நெற்றியில் பளிச்சென்று திருமண் இருந்தது. பேச ஆரம்பிக்குமுன் கண்ணை மூடித் திறக்கிற பழக்கம் இருந்தது.

"சிரமப்படாம உட்காருங்கோ. அடியேனுக்கு ஆண் பெண் பேதமே கிடையாது" என்று ஆரம்பித்தார். "இல்லத்தரசியோட உழைப்புக்கு விலை போட முடியுமான்னு அடியேன் ஒரு ஆய்வே பண்ணியிருக்கேன். அதுக்குத்தான் டாக்டர் பட்டம். ஒரு ஸ்திரீ சமைக்கறா, பெருக்கறா, வயசானவாளப் பாத்துக்கறா. அத்தனையும் உழைப்பு. அத்தனைக்கும் மதிப்பு உண்டுன்னு நிரூபிச்சிருக்கேன். இப்போ சொல்லுங்கோ, நீங்க இத்தனை வருஷமா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"அதையேதாங்க செஞ்சேன்" என்றார் தமிழ்மணி.

"அது எப்படி?"

"சமைச்சேன், பெருக்கினேன், மாமனாரப் பாத்துக்கிட்டேன்."

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "அது ஒத்தாசைன்னா. ஒத்தாசைங்கறது கைங்கர்யம். கைங்கர்யத்துக்கு யாராவது விலை கேப்பாளா?"

அல்போன்சா குரலைத் தணித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "சார், மனசு விட்டுச் சொல்லுங்க. மேடம் சம்பாதிக்கறது உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மையா இருந்துச்சா?"

"இல்லைங்க."

"இருக்கும் சார். இருந்தாத்தான் நாம சரி பண்ண முடியும்."

"எனக்கு அவ சம்பாதிக்கறது பெருமைதாங்க. நான் செஞ்சத ஒரு வேலைன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அப்போது பக்கத்துத் தெருவில் யாரோ ஒலிபெருக்கி சோதித்தார்கள். லால்குடிப் பெண் சொன்னபடி அழுதுவிடலாமா என்று தமிழ்மணி ஒரு கணம் பார்த்தார். பானு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அழுகை வரவில்லை. அவள் தன் சிம்மாசனத்தின் கைப்பிடியில் உரிந்திருந்த ஜிகினாவை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அறிக்கையில என்ன எழுதறதுன்னு யோசிக்கணும்" என்று இயக்குநர் எழுந்தார். "நம்ம மையத்துல சமத்துவ தின விழா வர்றது. அது முடியட்டும்."

சமத்துவ தினத்தன்று காலை அல்போன்சா தமிழ்மணிக்குப் போன் செய்தார். சாப்பாடு செய்ய ஒத்துக்கொண்ட சமையல்காரர் வேறு விசேஷத்துக்குப் போய்விட்டார், விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள். "நீங்க நல்லா சமைப்பீங்கன்னு ஃபைல்ல பாத்தேன் சார். மையத்துக்கு ஒரு சின்ன உதவி."

அப்ராரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். தமிழ்மணி கேட்கவில்லை. நல்ல பெயர் வாங்கிக்கொண்டால் அறிக்கை நல்லபடியாக வரும் என்று நம்பினார். அதைவிட, பல மாதங்களாக அவர் ஓர் அடுப்பைப் பற்றவைத்திருக்கவில்லை. தம்பி வீட்டில் அவரை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை. மண்டபத்து அடுப்பில் வெண்பொங்கலும் கொத்சும் ரவா கேசரியும் செய்து இறக்கியபோது அவர் கை பழைய வேகத்துக்கு வந்திருந்தது. மிளகை நெய்யில் தாளித்துக் கொட்டிய வாசனை மேடைவரைக்கும் போனது.

மேடையில் இயக்குநர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். "இன்னிக்கு அடுக்களையில நிக்கறது யார் தெரியுமா? ஒரு புருஷர். இதுதான் சமத்துவம். அடியேனோட அகத்துல அடியேன் காபி டம்ளரக்கூட நகர்த்தினது கிடையாது. ஆனா மத்தவா நகர்த்தணும்னு இருபது வருஷமா பேசிண்டு வரேன்."

கைதட்டினார்கள். அவரைக் கரண்டியோடு கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தார்கள். போகும்போது மீதிப் பொங்கலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.

அறிக்கையின் நகல் வந்த அன்று அப்ரார் அதைப் படித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். மனுதாரர் பெருமளவில் உணவு தயாரிக்கும் தொழில் செய்துவருவது நேரடி ஆய்வில் தெரியவந்தது, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

"கூலி ஏதும் வாங்கினீங்களா சார்?"

"இல்ல. மீதிப் பொங்கல ஒரு டப்பாவுல குடுத்தாங்க."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். ஏன்?"

அப்ரார் தாளைத் திருப்பிக் காட்டினார். ஊதியம் என்ற இடத்தில், 'பொருளாகப் பெறுகிறார்' என்று இருந்தது.

அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்புமுன் இருவரையும் ஒருமுறை கூப்பிட்டுப் படித்துக்காட்ட வேண்டும் என்பது மையத்தின் நடைமுறை. மறுபடி மேடை, மறுபடி சிம்மாசனங்கள். அல்போன்சா படித்து முடிக்கும்போது பானுவின் முகம் சிவந்திருந்தது.

"மேடம், இது பொய்" என்றாள்.

அல்போன்சா நிமிர்ந்தார்.

"அவர் எங்கயும் வேலை பாக்கலை. நான்தான் வேலைக்குப் போக வேணாம்னு சொன்னேன். எங்கப்பாவ எட்டு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டினார். என்னால ஒரு நாள் முடியலை அது. அவர் அங்க இல்லாட்டி நான் இந்தப் பதவிக்கு வந்திருக்கவே மாட்டேன். நான் கேஸ் போட்டது வேற விஷயம். அவர் கேக்கறத நான் தரேன். எழுதிக்குங்க."

தமிழ்மணி அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த வார்த்தைகளை எதிர்பார்த்துத்தான் அவர் அன்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். ஒன்றரை வருடம் கழித்து, உரிந்த ஜிகினா நாற்காலியில், அது வந்துவிட்டது. மனுவை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அல்போன்சா எழுந்து வந்து பானுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. இங்க நாங்க இருக்கோம். யார் உங்கள இப்படிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"அவர் போன் பண்ணி மிரட்டினாரா?"

"இல்லையே."

"அடிப்பாரா?"

"மேடம், அவர் சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டார்."

அல்போன்சா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "நிரந்தர மௌனம். அதுவும் ஹிம்சையோட ஒரு வகைதான். ஒரு ஸ்திரீ தானா முன்வந்து புருஷனுக்குப் பணம் தரேன்னு சொல்றான்னா, அவ எவ்வளவு பயந்துண்டிருக்கணும். அம்மாவ உள்ள அழைச்சுண்டு போங்கோ."

பானு மறுக்க மறுக்க, மறுப்பதுதான் முதல் அறிகுறி என்று அல்போன்சா அவளிடம் அன்பாக எடுத்துச் சொன்னார். அவளை மணமகள் அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஃபேனை வேகமாக வைத்தார்கள். தமிழ்மணியை மணமகன் அறையில் நிற்க வைத்தார்கள். வந்த நாளிலிருந்து மையத்தில் ஆளுக்கு உரிய இடம் சரியாகக் கிடைத்தது அப்போதுதான்.

வெளியே வரும்போது அவர் ஆஃப்ரினிடம் நின்றார். "அவங்க சொன்னத ஏத்திக்கிட்டீங்களாம்மா?"

"எதிர்மனுதாரர் ஆட்சேபம்னு மட்டும்தான் சார் கட்டம் இருக்கு" என்றாள் அவள். அவளுக்கே வருத்தமாக இருந்தது. "ஒத்துக்கிட்டா அத எங்க போடறதுன்னு எனக்குத் தெரியலை."

கோர்ட் அறிக்கையைப் பின்பற்றியது. உடல் நலமும் கைத்தொழிலும் உள்ளவர் என்பதால் ஜீவனாம்ச மனு தள்ளுபடி. மிரட்டல் இருக்கலாம் என்று மையம் சந்தேகப்படுவதால் அவர் எடமலைப்பட்டி புதூர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. மனைவியிடமிருந்து அவருக்குப் பணம் ஏதும் போனால் அது மிரட்டிப் பெற்றதாகக் கருதப்படும். தொழில் இருக்கிறது என்று ஆகிவிட்டபடியால், மகளின் படிப்புச் செலவில் ஒரு பங்கை மாதாமாதம் அவர் கட்ட வேண்டும்.

அப்ரார் கோர்ட் வாசலில் அவர் தோளில் கை வைத்தார். "மேல போலாம் சார். அப்பீல் இருக்கு."

"கிடைக்குமா?"

அப்ரார் கோட்டைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத வக்கீல்.

அந்த வாரமே தம்பி மனைவி அவருடைய படுக்கை இருந்த இடத்தில் பீரோவை நகர்த்திப் போட்டாள். தமிழ்மணி பையை எடுத்துக்கொண்டு, அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒரே அடுப்பிடம் போனார். மண்டபத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் அவரை ஏற்கெனவே கரண்டியோடு எடுத்த படத்தில் பார்த்திருந்தார். தங்க இடம், சாப்பாடு, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூலி. மணமகன் அறையில், அண்டாக்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டார். கூலியில் பெரும்பகுதி மகளின் பங்குக்குப் போய்விட்டது. அறிக்கையில் எழுதியிருந்த பொய் இப்படியாக மெல்ல மெல்ல உண்மையாயிற்று.

ஒரு நாள் மத்தியானம் பானு போன் செய்தாள்.

"நீங்க கட்டற பணம் வருதுங்க. எனக்கு அது வேணாம். திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்பாத பானு. நான் மிரட்டி வாங்கினதா ஆயிடும்."

"கேஸ வாபஸ் வாங்கிடலாமான்னு வக்கீல்கிட்ட கேட்டேன். மையம் வந்து விசாரிக்கணுமாம். நான் சுயநினைவோட சொல்றேனான்னு."

அவர் அடுப்பைக் குறைத்து வைத்தார். பிறகு, "நிஷா கேட்டா. அடைக்கு எது எது எவ்வளவு ஊறப் போடணும்னு" என்றாள்.

அவர் சொன்னார். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கொஞ்சம் உளுந்து, அரிசி இரண்டு பங்கு, வரமிளகாய் கூடவே ஊற வேண்டும், கரகரப்பாக அரைக்க வேண்டும், நைசாக அரைத்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். சொல்ல வேண்டியது முடிந்த பிறகும் அவர் பெருங்காயம் போடுவதைப் பற்றி இரண்டு முறை சொன்னார். பிறகு அவளை யாரோ அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.

மையத்தின் ஆண்டு விழா வந்தது. விருந்துச் சமையல் காண்ட்ராக்டருக்கு வந்து, காண்ட்ராக்டரிடமிருந்து தமிழ்மணிக்கு வந்தது. மண்டபம் நிறையப் பேர். சென்னையிலிருந்துகூட அதிகாரிகள் வந்திருந்தார்கள். ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஓடிவந்து, "உங்கள மேடைக்குக் கூப்பிடறாங்க" என்றார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பெண்டாட்டி சம்பாத்தியத்துல ஜீவிக்கணும்னு நம்மகிட்ட வந்தவர் இவர். அந்தக் குணத்தோட வந்தவர் இன்னிக்கு உழைக்கறார், சம்பாதிக்கறார், குழந்தைக்குப் பணம் கட்டறார். ஒரே வருஷத்துல ஒருத்தர புருஷனாக்கிக் காட்டியிருக்கோம். இந்த ஆண்டோட சிறந்த வெற்றி இவர்தான்."

சென்னை அதிகாரி, வேர்வையில் நனைந்திருந்த பனியனுக்கு மேல் பொன்னாடை போர்த்தினார். கொடுத்த சான்றிதழில் 'சகோதரி தமிழ்மணி' என்று அச்சாகியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம மையத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்."

தமிழ்மணி ஒலிபெருக்கி முன் நின்றார். மணமகள் அறை வாசலில் சில பெண்கள், கையில் மனுவோடு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணமகன் அறை வாசலில், அவருடைய பாய்க்குப் பக்கத்தில், சில ஆண்கள் நின்றார்கள். விழா நாளானாலும் அவர்களுக்கு இன்றுதான் தேதி கொடுத்திருந்தார்கள். எல்லார் முகமும் அவரைப் பார்த்தது. சொல்ல வேண்டியதை அவர் மாதக்கணக்கில் படுக்கையில் சொல்லிப் பார்த்திருந்தார். மொத்தமும் வரிசை மாறாமல் ஞாபகத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற இயக்குநர் ஊக்கப்படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினார். இதைச் சொன்னாலும் இவர்கள் கைதட்டத்தான் போகிறார்கள் என்பது தமிழ்மணிக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது.

"இலை போட்டாச்சு" என்றார். "எல்லாரும் சாப்பிட வாங்க."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அவர் பொன்னாடையை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, ரச வாளியை எடுக்கப் போனார்.